ஒரு சாண் சலுகை

பால் பொங்கி வழிந்தால் ஊரில் எல்லாரும் அடுப்பை அணைப்பார்கள். நான் ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பேன். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது கேஸில் என்பதும், மெயின் சுவிட்சுக்கும் அதற்கும் எந்தச் சொந்தபந்தமும் கிடையாது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் பதற்றம் வந்துவிட்டால் மூளைக்குத் தெரிந்தது கைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரமாகும். அதற்குள் கை ஏதாவது செய்துவிட்டிருக்கும்.

இதைச் சொல்லிச் சிரிப்பது என் வழக்கம். நாற்பத்தெட்டு வயதில் தொப்பையையும் பயத்தையும் மறைக்க முடியாது. அதனால் நானே முந்திக்கொண்டு காட்டிவிடுவேன். இப்போது எழுத வந்தது சிரிப்பதற்காக அல்ல. ஒரு சந்தை இருந்தது. அதில் பனி இருந்தது. இப்போது சந்தை இருக்கிறது, பனி இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

நான் வீடியோ கேம் செய்கிறவன். விளையாடுகிறவன் அல்ல, அதற்கு எனக்குத் தைரியம் போதாது. திரையில் எதை முதலில் வரைய வேண்டும், எதைப் பிறகு வரைய வேண்டும் என்று கணினிக்கு வரிசை சொல்லிக் கொடுக்கும் பகுதி என்னுடையது. குடியிருப்பு காஞ்சன்பாக்கில், மனைவியின் குவார்ட்டர்ஸில். அங்கே ஒரு பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தில் அவள் என்ன செய்கிறாள் என்பதை என்னிடம் சொல்லக் கூடாது. நான் என்ன செய்கிறேன் என்பதை நான் தினமும் சொல்கிறேன், அவள் காதில் வாங்குவதில்லை. இந்த ஏற்பாட்டால் நாட்டுக்கும் வீட்டுக்கும் இதுவரை பாதகமில்லை. அலுவலகம் ஹைதராபாத்தின் அந்தக் கோடியில், லோத்குண்டாவில், ஒரு வீட்டின் மாடி. எதிரே ராணுவ நிலத்தின் நீண்ட சுவர். சுவரில், படம் எடுக்கக் கூடாது என்று ஒரு பலகை. படம் காட்டியே பிழைக்கிறவர்கள் எதிர்மாடியில் இருப்பது அந்தப் பலகைக்குத் தெரியாது.

அந்த மாடியில் நானும், கூட வேலை பார்த்த ஒரு பெண்ணும். படம் வரைகிற இருவர் தங்கள் வீடுகளிலிருந்தே வேலை பார்த்தார்கள். அவள் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். தாத்தா காலத்தில் ரயில்வே வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட குடும்பம். அவள் தமிழில் பாதி எனக்குப் புரியாது, என் கோவில்பட்டித் தமிழில் பாதி அவளுக்குப் புரியாது. மீதிப் பாதியில் நாங்கள் ஒரு கேம் செய்தோம்.

கேம் அவளுடையது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்லூரி நாட்களில் விடிகாலையில் போவன்பள்ளி காய்கறிச் சந்தையைத் தாண்டித்தான் அவள் பஸ் பிடிக்க வேண்டுமாம். மார்கழி மாதத்தில் அங்கே பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாதாம். பனி. பனிக்குள் வரிசையாகக் கட்டின நீல பிளாஸ்டிக் தாள். தாளுக்குப் பின்னால் தக்காளிப் பெட்டிகளின் நிழல். அந்தப் பக்கம் டீக்கடை ஆவி. எல்லாமே பாதி தெரியும், பாதி தெரியாது.

"அதுதான் சார் கேமே," என்றாள் முதல் நாள். "நீங்க ஒரு டிரைவர். உங்க லோடு உள்ள எங்கயோ இருக்கு. பெட்டி எல்லாம் ஒரே மாதிரி. உங்க பெட்டியில மட்டும் ஒரு செகப்புத் துணி கட்டியிருக்கு. பனிக்குள்ள தேடிக் கண்டுபிடிக்கணும். அவ்ளோதான்."

"வில்லன் யாரு?"

"பனி."

"துப்பாக்கி?"

"நக்கோ சார்."

நக்கோ என்றால் வேண்டாம், ஹைதராபாத் உருது. எனக்குப் பிடித்துவிட்டது. துப்பாக்கி இல்லாத கேமில் என்னால்கூட உயிரோடு இருக்க முடியும்.

ஆனால் அவள் கேட்டது சின்ன விஷயமில்லை. கல், லாரி, பெட்டி போன்ற கெட்டிப் பொருட்களை வரைவது சுலபம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைத்துவிடும், முடிந்தது. பனி, பிளாஸ்டிக் தாள், ஆவி என்று ஊடே தெரிகிற பொருட்கள் அப்படியல்ல. தூரத்தில் இருப்பதை முதலில் வரைந்து, அதன்மேல் அடுத்தது, அதன்மேல் அடுத்தது என்று கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பதைக் கடைசியாக வரைய வேண்டும். வரிசை மாறினால் தூரத்துத் தாள் பக்கத்து ஆவியின்மேல் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் ஊடே தெரிகிற பொருட்களுக்கு மட்டும் தனியாக ஒரு வரிசை. அந்த வரிசை எப்போதும் ஒழுங்காக இருக்க வேண்டும். ஆடுகிறவர் ஓரடி நடந்தாலும் எல்லாத் தூரங்களும் மாறும். நொடிக்கு அறுபது தடவை படம் மாறும். அறுபது தடவையும் வரிசை சரியாக இருக்க வேண்டும்.

நான் இதில் கொஞ்சம் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் வரிசையைக் கலைத்துப் புதிதாக அடுக்கினால் கணினிக்கு மூச்சு வாங்கும். பள்ளிக்கூடத்தில் உயரப்படி நிற்கிற வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். லீவில் ஒருத்தன் வளர்ந்துவிட்டு வந்தால் மொத்தப் பள்ளிக்கூடத்தையும் கலைப்பார்களா? அவன் பக்கத்தில் இருக்கிறவனோடு தோளை உரசிப் பார்ப்பான், உயரமாக இருந்தால் இடம் மாறிக்கொள்வான். என் வரிசையும் அப்படித்தான். கேம் தொடங்கும்போது ஒரே ஒரு தடவை முழுதாக அடுக்கும். அதன்பிறகு ஒவ்வொருவரும் பக்கத்து ஆளோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்த்து, தப்பாக இருந்தால் மாறி நின்றுகொள்வார்கள். போன நொடியின் வரிசை இந்த நொடிக்கும் ஏறக்குறைய சரியாகத்தானே இருக்கும்? அது ஓடிய முதல் நாள் பனிக்குள் அந்தச் சந்தை எழுந்து நின்றதைப் பார்த்து அவள், "ஹவ் சார்," என்று மட்டும் சொன்னாள். ஆமாம் என்பதற்கு அதைவிட அழகான ஆமாமை நான் கேட்டதில்லை.

பிறகு பார்வையாளர்கள் வருவதாகத் தகவல் வந்தது. கேம்களை வாங்கி வெளியிடுகிற ஒரு நிறுவனம். வெளியூர்க்காரர்கள். வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பார்கள், பிடித்தால் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த வாரம்தான் அவள் பால்கனியில் டீ குடித்துக்கொண்டே சொன்னாள், புனேயிலிருந்து ஒரு பெரிய கம்பெனி கூப்பிடுவதாக.

"எப்ப பதில் சொல்லணும்?"

"திங்கக்கிழமை."

"என்ன சொல்லப் போற?"

"அவங்க இதை எடுத்துக்கிட்டா நான் இங்கதான் சார். பனியோட எடுத்துக்கிட்டா," என்றாள். "இல்லன்னா எனக்கு இங்க என்ன வேலை?"

நான் சிரித்தேன். "எனக்கு பயந்த நேரத்துல தண்ணி எடுத்துக் குடுக்க ஆள் வேணுமே தாயி. அதுக்காவது இரு."

"அதுக்கு ஒரு கூலர் வாங்கி வெச்சுக்கங்க," என்றாள்.

நான் அந்தப் பேச்சை அங்கேயே ஒரு நகைச்சுவையாக மடித்து வைத்துவிட்டேன். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து சந்தையை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்க்க ஆரம்பித்தேன்.

அப்படிப் பார்த்ததில்தான் கண்ணில் பட்டது ஒரு மினுமினுப்பு. சந்தையின் நடுவில், தாள்கள் நெருக்கமாகக் கட்டியிருக்கிற இடத்தில், கெட்டுப்போன டியூப்லைட் மாதிரி ஒரு துடிப்பு. காற்றில் தாள்கள் ஆடின. ஆடும்போது இது கொஞ்சம் முன்னால், அது கொஞ்சம் பின்னால் என்று தூரங்கள் மாறிக்கொண்டே இருந்தன. பக்கத்துப் பக்கத்துத் தாள்கள் இரண்டும் நொடிக்கு நொடி இடம் மாறிக்கொண்டு, நீயா நானா என்று சண்டை போட்டன. உற்றுப் பார்த்தால்தான் தெரியும். நான் உற்றுத்தான் பார்ப்பேன்.

மனைவிக்கு போன் போட்டேன். ஆய்வுக்கூடத்துக்குள் போன் எடுத்துப் போகக் கூடாது. மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வந்தபோது திரும்பக் கூப்பிட்டாள்.

"பதினோரு மிஸ்டு கால். யாருக்கு என்னாச்சு?"

"தாள் மினுங்குது."

"என்னங்க, நான் சாப்பிடட்டுமா?" என்றாள்.

"வெள்ளிக்கிழமை அவங்க வர்றாங்கடி. மினுங்கினா போச்சு. அந்தப் பொண்ணு புனே போயிரும்."

"அப்ப அந்தப் பொண்ணுகிட்ட காட்டுங்க. எங்கிட்ட ஏன் சொல்லுதீங்க?"

நல்ல யோசனை. ஆகவே நான் அதைச் செய்யவில்லை. அந்தப் பெண் சாப்பிட்டு வருவதற்குள் நானே சரிசெய்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. நான் கண்டுபிடித்த மருந்து இது: இரண்டு பொருட்களுக்கு நடுவே ஒரு சாண் வித்தியாசம்கூட இல்லை என்றால் இரண்டும் சமம். சமமானவர்கள் எதற்கு இடம் மாற வேண்டும்? நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஒரு சாண்தானே. ஒரே ஒரு வரி எழுதினேன். மினுமினுப்பு போயே போய்விட்டது. கீழே இறங்கிப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிவந்து தனியாகத் தின்றேன்.

அவள் வந்து பார்த்தாள். கேட் வழியாகச் சந்தைக்குள் நடந்தாள். துடிப்பு இல்லை.

"என்ன சார் பண்ணீங்க?"

சொன்னேன். அவள் புருவம் சுருங்கியது. "சமம்னா? இது அதுக்கு சமம், அது அடுத்ததுக்கு சமம். அப்ப இந்தக் கோடியும் அந்தக் கோடியும் சமமா?"

"ஒரு சாணுக்குத்தான் சலுகை. கோடிக்கு இல்ல."

"பின்னாடி பக்கத்துலருந்து ஒருதரம் நடந்து பாத்துடலாமா?"

இந்த இடத்தில் எங்கள் அலுவலக ஆசாரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். யாருக்காவது காட்டப்போகிற வேலை ஒழுங்காக ஓட ஆரம்பித்ததும் நான் அந்தக் கணினிக்குக் குங்குமம் வைத்துவிடுவேன். குங்குமம் வைத்தபின் யாரும் தொடக் கூடாது, எந்த வரியையும் மாற்றக் கூடாது, ஓட்டிப் பார்க்கக்கூடக் கூடாது. ஓட்டினால் எதையாவது கண்டுபிடிப்போம், கண்டுபிடித்தால் மாற்றுவோம், மாற்றினால் உடையும். ஊருக்கெல்லாம் ஆயுத பூஜை வருடத்துக்கு ஒரு தடவை. எனக்கு பயம் வருகிற போதெல்லாம்.

நான் ஏற்கெனவே குங்குமம் வைத்திருந்தேன்.

"குங்குமம் வெச்சா பக் ஓடிப்போயிடுமா சார்?"

"ஏ தாயி, இப்ப கை வைக்காத. உன் பாஷையிலயே சொல்லுதேன். நக்கோ."

"கைக்கு சார் இவ்ளோ பயம்?" என்றாள். கைக்கு என்றால் ஏன். "ஒரே ஒருதரம் சுத்தி நடக்கப் போறேன்."

"வெள்ளிக்கிழமை முடியட்டும். அப்புறம் நீ தலைகீழா நட."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். வேர்த்திருந்தது போலிருக்கிறது. போய்த் தண்ணீர் எடுத்துவந்து வைத்துவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். பிடிவாதம் பிடித்திருந்தால் தேவலை. எனக்காக இறங்கிப்போனாள்.

வெள்ளிக்கிழமை காலை இருவர் வந்தார்கள். ஓர் ஆண், ஒரு பெண். ஆள் புத்தம்புதிய ஓட்டக் காலணி போட்டிருந்தார். மாடி ஏறியதற்கே கைக்கடிகாரத்தில் ஏதோ பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார். அந்த அம்மாள் கலகலப்பானவர். குங்குமத்தைப் பார்த்து, "இதுவும் கேமில் வருமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பெரிதாகச் சிரித்தேன். தேவைக்கு அதிகமாக.

அந்த அம்மாள்தான் ஆடினார். கேட் வழியாக உள்ளே வந்தார். பனி. தாள்கள் மெல்ல ஆடின. ஒரு லாரியின் விளக்கு பாலில் விழுந்த மஞ்சள் போலக் கரைந்து தெரிந்தது. "ஓ!" என்றார். ஓட்டக் காலணிக்காரர் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் பக்கத்தில் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு லேசாகத் திறந்திருந்தது, தன் குழந்தை மேடையில் ஆடுவதைப் பார்க்கிறவர்களின் உதடு மாதிரி.

சந்தைக்கு வருகிறவன் முதலில் தன் சரக்கைத் தேடுவான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அந்த அம்மாள் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் டீ தேடுகிறவர் போல. ஓரமாகவே நடந்து, சந்தையைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கத்து டீக்கடைக்குப் போனார். அங்கே போய்த் திரும்பிச் சந்தையைப் பார்த்தார்.

சந்தை உள்ளும் புறமும் மாறிக் கிடந்தது. கேட்டின் பக்கம், தூரத்தில் இருக்க வேண்டிய தாள்கள் எல்லாம் முன்னால் வந்து அறைந்துகொண்டிருந்தன. பக்கத்து டீ ஆவி அவற்றுக்குப் பின்னால் எங்கோ போய் ஒளிந்திருந்தது. பனி துண்டு துண்டாக, கிழித்து ஒட்டிய காகிதம் போலத் தொங்கியது.

"இதென்ன?" என்றார் அந்த அம்மாள், கோபமில்லாமல்.

அவள் உடனே எழுந்தாள். "ஒரு நிமிஷம் மேடம், மறுபடி லோட் பண்ணா சரியாயிடும்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்துத் தமிழில், "சார், லோட் ஆகும்போது முழுசா அடுக்குமே, ரீலோட் பண்ணா போதும்," என்றாள். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவள் கை விசைப்பலகையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

என் கை அதற்கு முன்பே போய்விட்டது. சோதனைக்காக நான் வைத்திருந்த ஒரு விசை உண்டு. அதைத் தட்டினால் ஊடே தெரிகிற பொருட்கள் அத்தனையும் படத்திலிருந்து மறைந்துவிடும். தட்டிவிட்டேன்.

பனி போனது. தாள் போனது. ஆவி போனது. நீல வானத்தில் பளீரென்று வெயில். தக்காளிப் பெட்டிகள் பொம்மைக் கடை போல அடுக்கிவைத்தபடி. சிவப்புத் துணி கட்டிய பெட்டி நட்டநடுவில், குருடனுக்கும் தெரிகிற மாதிரி.

"அடடே," என்றார் ஓட்டக் காலணிக்காரர். "எவ்வளவு சுத்தமாக இருக்கிறது! என்ன வேகம்!" அந்த அம்மாளிடமிருந்து கேம் ஆடும் கருவியை வாங்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார். பெட்டிகளைத் தூக்கி லாரியில் எறிந்தார். "இது போனில் ஓடும். இது நன்றாக ஓடும்."

"இது கேம் இல்லை," என்றாள் அவள். "பனி இருந்தால்தான் கேம்."

அவர் என் பக்கம் திரும்பினார். வரிசை ஒழுங்காக இருக்க வேண்டும் என்று காலமெல்லாம் கத்துகிறவன் நான். அந்த நேரத்தில் என் வாயிலிருந்து முதலில் வர வேண்டியது, "அவள் சொல்வது சரி." வந்தது என்ன தெரியுமா? "இதுவும் ஒரு மோட்," என்றேன். "வெயில் மோட்." சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவர்களும் சிரித்தார்கள். நாலு பேர் இருந்த அறையில் மூன்று பேர் சிரித்தோம்.

யோசித்துச் சொல்கிறோம் என்று அவர்கள் படியிறங்கியதும் அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரத் துணியால் குங்குமத்தைத் துடைத்தாள்.

"அந்த ஒரு சாண் வரியைக் காட்டுங்க."

காட்டினேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரத்தில் எனக்கே தெரிந்துவிட்டது. தாள்கள் அத்தனையும் அரைச் சாண் இடைவெளியில் நெருக்கமாகக் கட்டியவை. ஒவ்வொன்றும் பக்கத்துத் தாளோடு மட்டும்தான் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரு சாணுக்குள் இருப்பதால், நீயும் நானும் சமம் என்று நின்றுவிடும். அடுத்ததும் அப்படியே. கேட்டிலிருந்து பார்க்கும்போது முதலில் அடுக்கிய வரிசை சரியாக இருந்தது. ஆடுகிறவர் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனால் மொத்த வரிசையும் திரும்ப வேண்டும். ஆனால் யாருக்கும் நகரக் காரணமே இல்லை. பக்கத்தில் எந்தத் தப்பும் இல்லை. முழு வரிசையும் தலைகீழ்.

"அட பாவி," என்றேன். என்னைத்தான்.

"தாள் நடுவுலருந்துதானே தூரம் அளக்கறீங்க?" என்றாள். "தாள் ஆடும். அது கட்டியிருக்கற கம்பு ஆடாதுல்ல? கம்புலருந்து அளங்க சார். சண்டையே வராது."

ஒரு சாண் வரியை எடுத்தோம். கம்பிலிருந்து அளந்தோம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. டீக்கடைப் பக்கம் போய்த் திரும்பிப் பார்த்தோம். ஆவிக்குப் பின்னால் தாள், தாளுக்குப் பின்னால் நிழல், நிழலுக்குப் பின்னால் பனி, பனிக்குப் பின்னால் கரைந்த ஒரு மஞ்சள் விளக்கு. மினுமினுப்பு இல்லை. கேட் பக்கத்தைவிட இந்தப் பக்கம்தான் அழகு. நாங்கள் இத்தனை நாளும் இந்தப் பக்கம் நின்று பார்த்ததே இல்லை.

"நல்லாருக்குல்ல?" என்றாள்.

"நல்லாருக்கு தாயி."

அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான்.

மாலையில் அவர்களே கூப்பிட்டார்கள். ஒலிபெருக்கியில் போட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்திருந்தாள். எடுத்துக்கொள்கிறோம் என்றார் ஓட்டக் காலணிக்காரர். நான் நாற்காலியில் ஓரடி எழும்பினேன். வெயில் மோடைத்தான் எடுத்துக்கொள்வோம் என்றார் அடுத்து. தேடுவதெல்லாம் வேண்டாம், பெட்டியைத் தூக்கி எறிவது போதும், வேகமாக. பனியைச் சரிசெய்துவிட்டோம், அற்புதமாக இருக்கிறது, இன்னொரு தடவை வந்து பார்க்கிறீர்களா என்று கேட்டேன். இதையாவது கேட்டேன் என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொள்வதுண்டு. பனி போட்டால் போன் சூடாகும், மக்களுக்குப் பொறுமை கிடையாது என்றார். உங்கள் முடிவென்ன?

நான் அவளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கையை லேசாக அசைத்தாள். சரி என்று சொல்லுங்கள் என்கிற மாதிரி.

சொல்லிவிட்டேன்.

அந்தக் கை அசைவைத்தான் பிறகு எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். உண்மையில் சரி என்றுதான் அசைத்தாளா? சற்றுப் பொறுங்கள் என்றா? போதும், விடுங்கள் என்றா? ஒரு நாள் அவகாசம் கேட்டிருக்கலாம். போனை வைத்துவிட்டு, ஏம்மா, உனக்கு இதில் சம்மதமா என்று வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம், "எடுத்துக்கிட்டாங்க," என்றேன்.

"அந்தப் பொண்ணு சந்தோஷப்பட்டுச்சா?"

"பனி இல்லாமத்தான் எடுத்துக்கிட்டாங்க."

அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அப்ப அதோடதை எடுத்துக்கலை. உங்களுதை எடுத்துக்கிட்டாங்க," என்றாள். என் வேலையைப் பற்றி அவள் காதில் எதுவும் வாங்குவதில்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அதைத் திருத்த வேண்டும்.

திங்கட்கிழமை அவள் புனேக்குச் சரி என்று எழுதிவிட்டாள். என்னிடம் சொல்லும்போது வழக்கம் போலத்தான் இருந்தாள். "கோபமில்ல சார். நெஜமா. கேம் வெளிய வரட்டும். ஆனா அதுல எனக்கு இனிமே என்ன இருக்கு, சொல்லுங்க?" நான் ஏதோ ஜோக் அடித்தேன். புனேயில் துப்பாக்கிக் கேம்தான் செய்யச் சொல்வார்கள், நெஞ்சில் சுட்டுவிடாதே என்பது போல. அவளும் சிரித்தாள். மரியாதைக்கு.

போவதற்கு முன் பனியை எடுக்கும் வேலையை அவளே செய்தாள். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத்தான் தெரியும். அந்த வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். முதலில் தூரத்துப் பனி. பிறகு லாரிப் பக்கத்துப் பனி. பிறகு தாள்கள். வரையும் வரிசையிலேயே, பின்னாலிருந்து முன்னால் எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து வெயில் மோடின் ஓட்டத்தைச் சரிபார்ப்பது போல நடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் டீக்கடை ஆவி மட்டும் மிஞ்சியது.

"சார், இதை மட்டும் வெச்சுக்கலாமா? சின்னதுதான். போன் சூடாகாது."

சூடாகாது என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு ஆவி, ஒரு டம்ளர் உயரம். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். ஆனால் அன்று காலைதான் அவர்கள், ஊடே தெரிகிற பொருள் எதுவும் வேண்டாம் என்று மறுபடியும் எழுதியிருந்தார்கள்.

"வேண்டாம்மா," என்றேன். "கேப்பாங்க."

"ஹவ்," என்றாள். எடுத்துவிட்டாள்.

கேம் வெளியே வந்தது. பரவாயில்லை என்றார்கள். பஸ்ஸிலும் கியூவிலும் நிற்கிறவர்கள் தக்காளிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி எறிகிறார்கள். அடுத்த ஆளைச் சேர்த்தேன்; நல்ல பையன், நான் சொன்னால் உடனே கேட்டுக்கொள்கிறான், அதுதான் அவனிடம் எனக்குப் பிடிக்காதது. ஒருநாள் அவன் கேட்டான், ஊடே தெரிகிற பொருட்களுக்கு என்று ஒரு வரிசை ஓடிக்கொண்டே இருக்கிறதே, உள்ளே ஒன்றுமே இல்லையே, எடுத்துவிடட்டுமா என்று. உண்மைதான். அந்த வரிசை இன்னும் ஓடுகிறது. நொடிக்கு அறுபது தடவை போய்ப் பார்க்கிறது. யாரும் இல்லை. ஒழுங்காக இருப்பதாகக் குறித்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. அது கிடக்கட்டும், தொடாதே என்றேன். குங்குமம் வைத்திருக்கிறதா என்று அவன் தேடினான்.

சென்ற மாதம் புனேயிலிருந்து அவள் ஒரு செய்தி அனுப்பினாள். கேமை இறக்கி ஆடியிருக்கிறாள். ஓரமாகவே நடந்து டீக்கடைக்குப் போயிருக்க வேண்டும். அங்கிருந்து பிடித்த படம் ஒன்று கூட இருந்தது. கல்மேடை, அதன்மேல் வரிசையாக டம்ளர்கள், பளீரென்ற வெயில். கீழே ஒரே வரி.

"டீ ஆறிப்போயிருக்கு சார்."

இதற்கெல்லாம் உடனே ஒரு நக்கல் பதில் போடுகிறவன் நான். ஒன்று எழுதினேன், அழித்தேன். இன்னொன்று எழுதினேன், அதையும் அழித்தேன். அன்று நீ கேட்டபோதே அந்த ஆவியை விட்டிருக்கலாம் என்று எழுதினேன். அதை அனுப்ப தைரியம் வரவில்லை. நான் எழுதிக்கொண்டிருப்பது அவள் திரையில் தெரிந்திருக்கும். நெடுநேரம் காத்திருந்துவிட்டு, "டென்ஷன் நக்கோ சார்," என்று அவளே அனுப்பினாள்.